ஜி-எல் என்றால் ஏன் வெளிச்சம்?

ஆங்கில அகராதியில் ஜி-எல் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். க்ளீம் என்றால் மெல்லிய ஒளிர்வு. க்ளோ என்றால் தணலைப் போலச் சுடர் இல்லாமல் கனன்று ஒளிர்வது. க்ளின்ட் என்பது கத்தியின் விளிம்பில் சட்டென்று தெறிக்கும் மினுக்கம். க்ளிட்டர் பொடிப்பொடியாக மின்னுவது, க்ளிஸன் ஈரத்தின் மேல் பளபளப்பது, க்ளேர் கண்ணைக் கூசவைப்பது. மண்பாண்டத்துக்குக் கொடுக்கும் கண்ணாடிப் பூச்சு க்ளேஸ். ஒளிக்கு அடுத்தபடி பார்வை வருகிறது. ஒரு வீச்சில் பார்த்துவிட்டுத் திரும்புவது க்ளான்ஸ், ஒரு கணம் கண்ணில் பட்டு மறைவது க்ளிம்ப்ஸ், முறைத்துப் பார்ப்பது க்ளௌவர்.

இன்னும் பல பக்கங்கள் தள்ளி எஸ்-என் தொடங்கும் இடத்துக்குப் போனால் மூக்கு எதிர்ப்படுகிறது. ஸ்னவுட் என்றால் பன்றியின் மூஞ்சி, ஸ்னாட் என்றால் மூக்குச்சளி. ஸ்னோர் குறட்டை, ஸ்னீஸ் தும்மல், ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்னார்ட் குதிரையைப் போல மூக்கால் சீறுவது, ஸ்னஃப் மூக்குப்பொடி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுவது ஸ்னிவல், மூக்கைச் சுழித்து ஏளனம் செய்வது ஸ்னீர்.

பள்ளியில் நாம் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக, பட்டியல் போட்டு உருப்போட்டோம். அவை ஒரே வாசலில் கூட்டமாக நிற்கின்றன என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. இது தற்செயலா, அல்லது இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா? மொழியியலின் மிகப் பழைய விவாதங்களில் ஒன்று இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நவீன மொழியியலின் அடித்தளமாகக் கருதப்படும் கருத்து ஒன்று உண்டு. ஒரு சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் இயல்பான தொடர்பு எதுவும் இல்லை. ஒரு சமூகம் பழகிவிட்டது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபெர்தினான் த சொசூர் வகுப்பறையில் இதை அழுத்திச் சொன்னார். அவர் மறைவுக்குப் பின் 1916-இல் வெளிவந்த நூல் வழியே அது உலகெங்கும் பரவியது. நாயை நாம் நாய் என்கிறோம், ஆங்கிலேயர் டாக் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் ஷியன் என்கிறார்கள். நாயின் இயல்பில் இந்த மூன்று ஒலிகளில் எதுவும் இல்லை. இதை மறுப்பது கடினம்.

ஆனால் மாற்றுக் குரலும் பழமையானதே. பிளேட்டோவின் கிராட்டிலஸ் என்ற உரையாடலில் சாக்ரடீஸ் கிரேக்க ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். நாக்கு அதிர்ந்து பிறக்கும் ரகரம் அசைவுக்குப் பொருந்துகிறது, நாக்கு வழுக்கிச் செல்லும் லகரம் வழவழப்புக்குப் பொருந்துகிறது என்கிறார். 1653-இல் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவியல் பேராசிரியர் ஜான் வாலிஸ், வெளிநாட்டார் ஆங்கிலம் கற்பதற்காக லத்தீனில் ஓர் இலக்கண நூல் எழுதினார். முடிவிலிக்கு நாம் இன்றும் போடும் படுத்த எட்டுக் குறியை அறிமுகப்படுத்திய கணித மேதை அவர்தான். எஸ்-டி-ஆர் என்று தொடங்கும் சொற்களில் வலிமையும் முயற்சியும் தென்படுவதாகவும், டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவற்றில் கோணலும் முறுக்கும் தென்படுவதாகவும் அவர் அந்த நூலில் வரிசைப்படுத்திக் காட்டினார்.

இந்தத் தொடக்க ஒலிக்கூட்டங்களுக்கு ஃபோனஸ்தீம் என்று 1930-இல் பெயர் சூட்டியவர் பிரிட்டிஷ் மொழியியலர் ஜே. ஆர். ஃபர்த். ஒலி, உணர்தல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் இதை உருவாக்கினார். 1920-களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். தமிழோடும் அவருக்கு உறவு உண்டு. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்கு இணைப்பாக, தமிழ் உச்சரிப்பைப் பற்றிய சுருக்க விளக்கம் ஒன்றை 1934-இல் எழுதினார். அவர் பெயர் சூட்டிய மூன்றாம் ஆண்டில், அமெரிக்க மொழியியலர் லெனார்ட் ப்ளூம்ஃபீல்ட் தம் புகழ்பெற்ற நூலில் ஒரு பட்டியல் தந்தார். ஜி-எல் அசையாத ஒளி, எஃப்-எல் அசையும் ஒளி, எஸ்-எல் ஈர வழவழப்பு, எஸ்-என் மூச்சின் ஓசை என்று அது நீள்கிறது.

பட்டியல் போடுவது எளிது. இவை எப்படி உண்டாயின என்பதுதான் சுவையான பகுதி. ஒரே விடை இல்லை; மூன்று வேறு வழிகளில் இந்தக் கூட்டங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதல் வழி, பிறப்பு. சில சொற்கள் ஒன்றுபோல் தொடங்குவதற்குக் காரணம் அவை உண்மையிலேயே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் ஒளிர்தல், மஞ்சள் ஆகிய பொருள்களைத் தரும் வேர் ஒன்று இருந்ததாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ கெல் என்று ஒலிக்கும் அந்த வேரிலிருந்தே க்ளோ, க்ளீம், க்ளாஸ் ஆகியவை வந்ததாகச் சொல்கிறார்கள். தங்கத்தைக் குறிக்கும் கோல்டும் மஞ்சளைக் குறிக்கும் யெல்லோவும் அதே வேரின் பிள்ளைகள். வடமொழியில் பொன்னைக் குறிக்கும் ஹிரண்யம் கூட அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மகிழ்ச்சியைக் குறிக்கும் க்ளாட் என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் ஒளிவீசும் என்ற பொருளிலும் வழங்கியது. முகம் மலர்ந்து பிரகாசிப்பவரே மகிழ்ந்தவர்.

டி-டபிள்யூ கூட்டத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகிறது. இரண்டைக் குறிக்கும் டூ என்ற சொல்லை ஆங்கிலத்தில் டி-டபிள்யூ-ஓ என்று எழுதுகிறோம். நடுவில் ஒலிக்காத டபிள்யூ எதற்கு என்று குழம்பாத மாணவர் இல்லை. அந்த எழுத்துக்கு ஒரு பெரிய குடும்பமே சாட்சி நிற்கிறது. ட்வின் இரட்டையர். ட்வைன் இரண்டு இழை சேர்த்து முறுக்கிய கயிறு, ட்விஸ்ட் அந்த முறுக்கு. ட்விக் என்ற சுள்ளி, கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையிலிருந்து வந்த பெயர். பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட அந்திப்பொழுது ட்வைலைட். இரண்டிற்கு நடுவே என்று பொருள்படும் பிட்வீன் என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளும் அதே இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. டூ என்ற சொல்லில் நாக்கு அந்த ஒலியைக் கைவிட்டுவிட்டது. எழுத்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

டபிள்யூ-ஆர் கூட்டமும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் இந்த டபிள்யூவின் ஒலி ஆங்கிலேயர் பேச்சிலிருந்து முற்றாக மறைந்துவிட்டது. ஆனால் எழுத்தில் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். கை திரும்பும் மூட்டு ரிஸ்ட், துணியைப் பிழிவது ரிங், திருகும் கருவி ரெஞ்ச், தோல் சுருங்குவது ரிங்கிள், நெளிவது ரிகிள், மல்லுக்கு நிற்பது ரெஸில், பூக்களை வளைத்துக் கட்டிய வளையம் ரீத். தவறு என்று பொருள்படும் ராங் கூட முதலில் கோணலானது, நேராக இல்லாதது என்ற பொருளில் வந்த சொல்தான். பேசாத எழுத்து என்று நாம் சலித்துக்கொள்ளும் டபிள்யூ, இங்கே திருகலுக்கு அடையாளமாக நிற்கிறது. எழுதுவதைக் குறிக்கும் ரைட் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. கீறுதல் என்ற பொருளில் தொடங்கியது அது.

இரண்டாம் வழி, உடம்பு. எஸ்-என் சொற்களை ஒருமுறை மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். முதலில் பல்லிடுக்கு வழியே காற்று உராய்ந்து வெளியேறுகிறது. அடுத்த நொடியே நாக்கின் நுனி மேலண்ணத்தை அடைத்துக்கொள்ள, காற்று மூக்கு வழியே போகிறது. மூக்கைக் குறிக்கும் சொல்லைச் சொல்லும்போது மூக்கே வேலை செய்கிறது. அதனால் மூக்கு சம்பந்தப்பட்ட சொற்களுக்கு இந்த ஒலி இயல்பாகவே பொருந்துகிறது. ஜெர்மன் மொழியிலும் குறட்டைக்கு ஷ்னார்ஷன், விலங்கின் மூஞ்சிக்கு ஷ்னவுட்சே, ஜலதோஷத்துக்கு ஷ்னுப்ஃபன் என்றுதான் சொற்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்த குழாய்க்கு ஷ்னார்ஷல் என்று பெயர். அதுதான் 1940-களில் ஆங்கிலத்துக்கு வந்து ஸ்னார்கல் ஆகி, இன்று கடலில் முகம் கவிழ்த்து நீந்துவோர் வாயில் கவ்வும் குழாயைக் குறிக்கிறது.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. மூக்கு, மூச்சு, மூஞ்சி, முகர்தல், மோப்பம், முனகல், நீண்ட மூக்குள்ள மூஞ்சூறு என்று சொல்லிப் பாருங்கள். மகரமும் மூக்கொலிதான், உதடுகள் மூடியிருக்க, காற்று மூக்கு வழியாகவே வெளிவருகிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் ஒரே உறுப்பைப் பெயரிட அதே உறுப்பின் ஒலியை நாடியிருக்கின்றன. 2016-இல் டாமியன் பிளாசியும் அவரது குழுவினரும் ஆயிரக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கணினியில் ஒப்பிட்டார்கள். மூக்கைக் குறிக்கும் சொற்களில் நகர ஒலி, தற்செயலாக வரக்கூடியதைவிட அதிகமாக இடம்பெறுவது அதில் தெரியவந்தது.

ஆனால் ஒளிக்கு ஓசை கிடையாது. க்ள என்று சொல்லும்போது கண்ணோ வெளிச்சமோ எந்த வேலையும் செய்வதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கூட்டம் பெரிதாக வளர்ந்திருக்கிறது. இங்கேதான் மூன்றாம் வழி வருகிறது. அதை ஈர்ப்பு என்று சொல்லலாம். ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றுவிட்டால், வழியே போகும் சொற்களும் அதில் வந்து சேர்கின்றன.

க்ளான்ஸ் என்ற சொல்லின் கதையைப் பாருங்கள். அதன் மூலம், சறுக்குதல் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல். 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது வாளோ அம்போ இலக்கில் பட்டுச் சறுக்கி விலகுவதைக் குறித்தது. ஒளிக்கும் பார்வைக்கும் அப்போது அதில் இடமில்லை. ஆனால் அது ஜி-எல் என்று தொடங்கியது. சுற்றிலும் ஒளியையும் பார்வையையும் குறிக்கும் சொற்கள். அடுத்த நூறாண்டுக்குள் அது பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறிக்கத் தொடங்கி, பிறகு பட்டுத் திரும்பும் பார்வையைக் குறித்தது. இன்று அந்தப் பார்வைதான் அதன் முதல் பொருள்.

க்ளாமர் இன்னும் வியப்பூட்டும். சினிமாப் பக்கங்களில் நாம் தினமும் பார்க்கும் இந்தச் சொல் இலக்கணத்தைக் குறிக்கும் கிராமரிலிருந்து பிறந்தது. பழைய நாட்களில் இலக்கணம் படித்தவர் என்றால் மந்திர தந்திரங்களும் தெரிந்தவர் என்று பாமர மக்கள் நம்பினார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் கிராமரின் ரகரம் லகரமாகத் திரிந்து, கண்கட்டு வித்தை என்ற பொருளில் க்ளாமர் ஆனது. வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியே அது ஆங்கிலம் முழுதும் பரவியது. கண்ணைக் கட்டும் மந்திரம், பிறகு கண்ணைப் பறிக்கும் கவர்ச்சியானது. ஜி-ஆரில் பிறந்த சொல் ஜி-எல்லுக்கு வந்து, அந்தக் கூட்டத்தின் பளபளப்பைத் தானும் பூசிக்கொண்டது.

ஈர்ப்புக்குத் தெளிவான சாட்சி தும்மல்தான். பழைய ஆங்கிலத்தில் தும்முவது ஃப்னேயோசன். எஃப்-என் என்ற அந்தத் தொடக்கம் அன்று மூச்சுக்கும் சீறலுக்கும் உரிய சில சொற்களில் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் கவிஞர் சாஸர் கூட அந்த எஃப்-என் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பிறகு எஃப்-என் என்ற சேர்க்கையே ஆங்கிலத்தில் அருகிப் போயிற்று. அதே காலத்தில் கையெழுத்திலும் அச்சிலும் எஸ் என்ற எழுத்தை நீட்டி எழுதும் ஒரு வடிவம் வழக்கில் இருந்தது. குறுக்குக்கோடு முழுமையாக இல்லாத எஃப் போலவே அது தோன்றும். அருகிவந்த ஒரு சொல்லைப் பார்த்தவர்கள் எஃப்பை எஸ் என்று படித்திருக்கலாம் என்று அகராதியாளர்கள் கருதுகிறார்கள். எழுத்துப்பிழை ஒன்று நடப்பது பெரிதல்ல. அது ஏன் நிலைத்தது என்பதே கேள்வி. எஸ்-என் வாசலில் மூக்குச் சொற்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. தும்மலுக்கு அது பொருத்தமான இடமாகப் பேசுவோர் காதுக்குப் பட்டது. அதனால் ஸ்னீஸ் வென்றது.

இவை பழங்கதைகள், இன்று வாழும் ஓர் ஆங்கிலேயரின் மூளையில் இந்தக் கூட்டங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா? மொழியியலர் பெஞ்சமின் பெர்கன் 2004-இல் இதற்கு ஒரு சோதனையை வெளியிட்டார். கணினித் திரையில் ஒரு சொல் கண நேரம் தோன்றி மறையும். அடுத்து இன்னொரு எழுத்துக்கூட்டம் தோன்றும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பங்கேற்பவர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். க்ளிட்டர், க்ளோ என்பது போல ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்த இணைகள் சில. கார்ட், ரோப் என்பது போலப் பொருள் மட்டும் ஒத்தவை சில, இரண்டுமே கயிறு. ட்ரூயிட், ட்ரிப் என்பது போல ஒலி மட்டும் ஒத்தவை சில. எந்த ஒற்றுமையும் இல்லாதவையும் உண்டு.

ஒற்றுமையே இல்லாத இணைகளைவிட க்ளிட்டர், க்ளோ போன்ற இணைகளுக்கு விடை சுமார் 60 மில்லி விநாடி முந்தி வந்தது. ஒலி மட்டும் ஒத்தவையும் பொருள் மட்டும் ஒத்தவையும் அந்த வேகத்தை எட்டவில்லை. அதாவது, க்ளிட்டர் என்ற சொல் கண்ணில் பட்டதுமே அந்தக் கூட்டத்தின் பிற சொற்களும் மூளையில் விழித்துக்கொள்கின்றன. யாரும் கற்றுத்தராத ஒரு வகைப்பாட்டை, கேட்டுக் கேட்டே மனம் தானாகக் கட்டி வைத்திருக்கிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கையுறையைக் குறிக்கும் க்ளவ், பசையைக் குறிக்கும் க்ளூ, உருண்டையைக் குறிக்கும் க்ளோப் எதிலும் வெளிச்சம் இல்லை. பனியைக் குறிக்கும் ஸ்னோவுக்கும் பாம்பைக் குறிக்கும் ஸ்னேக்குக்கும் மூக்கோடு உறவில்லை. பெர்கன் எண்ணிப் பார்த்தபோது, ஜி-எல் சொற்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்குதான் ஒளி அல்லது பார்வையைக் குறித்தன. ஆனால் எழுத்தில் அவை எத்தனை முறை வருகின்றன என்று பார்த்தால், பங்கு ஏறத்தாழ 60 சதவீதமாக உயர்ந்தது. இது இலக்கண விதி ஆகாது. க்ளோவிலிருந்து ஜி-எல்லை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஓ-வுக்குத் தனிப் பொருள் கிடையாது. முன்னொட்டு என்று சொல்லும் அளவுக்கு அது உறுதியானதல்ல. தற்செயல் என்று ஒதுக்கும் அளவுக்குப் பலவீனமானதும் அல்ல.

தற்செயலும் சில இடங்களில் விளையாடியிருக்கிறது. ஓடுவதைக் குறிக்கும் ஆங்கில ஃப்ளோவும், லத்தீன் வழி வந்த ஃப்ளூயிடும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். இரண்டிலும் நீர் ஓடுகிறது, இரண்டும் எஃப்-எல். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. பேசுபவருக்கு வேர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் காதில் இரண்டும் ஒரே கூட்டம்.

எழுத்தாளர்கள் இந்த உணர்வை நன்றாக அறிந்தவர்கள். லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட ஆலிஸின் இரண்டாம் கதையில் ஸ்லைதி என்று ஒரு சொல்லைப் புதிதாகப் படைத்தார். ஸ்லிப் என்றால் வழுக்குவது, ஸ்லைடு சறுக்குவது, ஸ்லைம் கொழகொழப்பு, ஸ்லக் ஓடில்லா நத்தை. இந்தக் கூட்டத்தைப் பழகிய காதுக்கு ஸ்லைதி என்றால் ஏதோ வழுவழுப்பானது என்று உடனே புரிந்துவிடும். ஹாரி பாட்டர் கதையில் பாம்பைச் சின்னமாகக் கொண்ட விடுதிக்கு ஸ்லிதரின் என்று பெயர் வைத்ததும் அதே வாசலில்தான். பாம்பு வழுக்கி நெளிந்து செல்வதை ஆங்கிலத்தில் ஸ்லிதர் என்பார்கள்.

ஒலிக்கும் உருவத்துக்கும் இடையே இன்னும் ஆழமான, மொழி கடந்த உறவும் இருக்கிறது. 1929-இல் உளவியலர் வுல்ஃப்காங் கோலர் ஒரு வளைவான உருவத்தையும் ஒரு கூர்முனை உருவத்தையும் வரைந்து, எது பலூமா, எது டகீட்டே என்று கேட்டார். 2001-இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் பூபா, கிகி என்ற சொற்களை வைத்து அதைப் புதுப்பித்தார்கள். 95 சதவீதம் பேர் கூரானதைக் கிகி என்றும் உருண்டதைப் பூபா என்றும் சொன்னார்கள். அமெரிக்க மாணவர்களிடம் மட்டுமின்றி, ஆங்கிலம் அறியாத தமிழர்களிடமும் கேட்டுப் பார்த்தபோது அதே போக்குத்தான். ஆனால் ஜி-எல் ஒளியைக் குறிப்பது இப்படி உலகப் பொதுவானதல்ல. அது ஆங்கிலமும் அதன் உறவு மொழிகளும் தங்கள் வரலாற்றில் சேர்த்துக்கொண்ட சொத்து. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் க்ள, ஸ்ன போன்ற வாசல்களே நமக்குக் கிடையாது. நம் வெளிச்சம் பளபள, பளிச், பளீர் என்றும், மினுமினு, மினுக்கு, மின்மினி என்றும் வேறு கூட்டங்களில் நிற்கிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் பிள்ளைகளுக்கும் இதில் கைமேல் பலன் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொற்களை அகர வரிசைப் பட்டியலாகக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வதைவிட, கூட்டம் கூட்டமாக அறிமுகப்படுத்தலாம். திருகும் சொற்களை ஒரு நாள் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், ஒலிக்காத டபிள்யூவைப் பிள்ளைகள் எழுத மறக்கமாட்டார்கள். கதையில் க்ளிம்மர் என்ற புதுச்சொல் எதிர்ப்பட்டால், இது ஒளியாக இருக்குமோ என்று ஊகித்துவிட்டு அகராதியைப் பார்க்கட்டும். ஊகம் சரியானால் சொல் மனதில் தங்கும். க்ளூவைப் போலத் தவறினாலும், விதிவிலக்கு என்ற காரணத்தாலேயே அது நினைவில் நிற்கும்.

சொசூர் சொன்னது பொய்யாகிவிடவில்லை. பிறக்கும்போது பெரும்பாலான சொற்களுக்கு அவற்றின் ஒலி காரணமின்றியே வாய்க்கிறது. ஆனால் சொற்கள் கோடிக்கணக்கான வாய்களில் பல நூற்றாண்டுகள் புழங்குகின்றன. அந்த வாய்களுக்குரியவர்கள் ஒற்றுமைகளைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள். பொருந்துவதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், பொருந்தாததை மெல்லத் திருத்தினார்கள். ஃப்னேயோசன் ஸ்னீஸ் ஆனது எந்த அறிஞர் குழுவும் கூடி எடுத்த முடிவல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவருமாகச் சாதாரண மக்கள் தங்கள் காதை நம்பிச் செய்த திருத்தம். காரணமில்லாமல் பிறந்த சொல்லுக்குக் காரணத்தைத் தேடிக் கொடுப்பது அதைப் பேசுகிறவர்களின் வேலை. அந்த வேலை எல்லா மொழிகளிலும் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.